பரணில் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்கள்

அம்மையார்குப்பத்துத் தறிவீடுகளில் பாட்டுக் கேட்டு வளர்ந்த அனைவருக்கும்,



அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், உங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழகமெங்கும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதைப் பெற்றார்கள். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்து அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது. படிப்பு முடிந்தது, பேட்டரி நிற்கவில்லை, பிள்ளை சென்னைக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ வேலைக்குப் போனது. லேப்டாப் பரணுக்கு ஏறியது. பழைய இரும்புக்காரருக்குப் போடலாம் என்று ஒதுக்கி வைத்த அந்தப் பெட்டி, வீட்டில் உயர்தரமாக இசை கேட்கத் தாராளமாகப் போதும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நல்ல ஒலி என்றால் லட்சம் ரூபாய் சமாசாரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விற்பவர்கள் வளர்த்த எண்ணம் அது. கணினி வழியாக இசை கேட்பதில் பணம் எங்கே போக வேண்டும், எங்கே ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது என்று தெரிந்துவிட்டால், ஒரு நெசவாளர் குடும்பம் தீபாவளி போனஸில் கட்டுப்படியாகக்கூடிய செலவு இது. ஆனால் லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்னால் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

உங்கள் காது.

விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் பொதுவாக 90 டெசிபலைத் தாண்டும். தறிகள் நெருக்கமாக ஓடும் கூடங்களில் 100ஐத் தொடும். தினமும் எட்டு மணி நேரம் கேட்கத்தக்க எல்லை 85 டெசிபல் என்கிறது அமெரிக்க அரசின் தொழில் நலவாழ்வு ஆய்வு நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 டெசிபல் என்றால் நான்கு மணி நேரம், 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம்தான். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 வரை அனுமதிக்கின்றன. அந்த எல்லையும்கூடத் தொழிற்சாலைச் சுவரைத் தாண்டி வீட்டோடு ஒட்டிய தறிக்கூடத்துக்குள் வருவதில்லை. அங்கே அளவுக் கருவியோடு யாரும் நுழைவதில்லை.

இரைச்சல் காதைக் கெடுக்கும்போது எல்லா சுரங்களையும் ஒன்றுபோல் கெடுப்பதில்லை. முதல் அடி விழுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். பாடுபவர் ‘ச’ என்றாரா ‘த’ என்றாரா என்று காட்டிக்கொடுப்பதும், வில் தந்தியில் உரசும் சன்னமான ஓசையும், மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படும் கணத்தின் கூர்மையும் அந்தப் பகுதியிலும் அதைச் சுற்றியும்தான் இருக்கின்றன. இருபது, முப்பது ஆண்டு தறி ஓட்டியவர் டிவியின் சத்தத்தைக் கூட்டச் சொல்வதும், பேரப்பிள்ளை பேசுவது கேட்கிறது ஆனால் புரியவில்லை என்பதும் இதனால்தான். போன செவித்திறன் திரும்பாது. எந்த ஸ்பீக்கரும் அதை மீட்டுத் தராது.

ஆகவே இந்த மடல் பரிந்துரைக்கும் முதல் செலவு, மெடிக்கல் ஷாப்பில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நுரைக் காதடைப்பான். விரலில் மெல்லிய திரியாக உருட்டி, மற்றொரு கையால் காதை மேல்நோக்கி இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா காதின் வாயிலில் ஒட்டி வைத்தால் பலன் இல்லை. தறிக்குப் பக்கத்தில் நின்று இயர்ஃபோனில் பாட்டுக் கேட்கும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்று இந்த மடல் மன்றாடிக் கேட்கிறது. 95 டெசிபல் இரைச்சலுக்கு மேலே பாட்டு எழும்ப வேண்டும் என்றால் காதுக்குள் என்ன அளவு பாயும் என்று எண்ணிப் பாருங்கள். ஷிப்டு முடிந்த உடனே காது சற்று மந்தமாக இருக்கும். அப்போது உட்கார்ந்து ஸ்பீக்கரின் தரத்தை எடை போடவும் வேண்டாம், சத்தத்தைக் கூட்டவும் வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, தறிகள் ஓய்ந்த பிறகு கேளுங்கள்.

இனி கணினிக்கு வரலாம். இசையை ஒலிக்கச் செய்வதில் அதற்குள்ள வேலை மிகச் சிறியது. 1982இல் சோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்த சிடி, ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. இடம், வலம் இரண்டையும் சேர்த்தால் நொடிக்கு 14 லட்சம் பிட். பழைய லேப்டாப்பின் மூளைக்கு இது ஒரு சுமையே கிடையாது. நல்ல இளம் காதுக்குக் கேட்கும் உச்ச எல்லை 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க அதன் இரு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும் என்பதால் 44,100. பதினாறு பிட் தரும் வீச்சு 96 டெசிபல். தறி ஓடாத நள்ளிரவிலும் ஓர் அறையில் 25 அல்லது 30 டெசிபல் அரவம் இருக்கும். அதற்கு மேலே 96 டெசிபலை அடுக்கினால் காது வலிக்கும் இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

அப்படியானால் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோஹெர்ட்ஸ் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே? அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் மேயர், மோரன் என்ற இருவர் நடத்திய சோதனையின் முடிவு 2007இல் ஒலிப் பொறியாளர்களின் ஆய்விதழில் வந்தது. உயர் அளவுப் பதிவு ஒரு பக்கம், அதையே சிடி அளவுக்குச் சுருக்கியது மறுபக்கம். எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. காசு சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும். நீங்களே பதிவு செய்யும்போது 24 பிட் உதவும். அது பின்னால் வருகிறது. கேட்பதற்கு சிடி தரம் போதும். அதற்கு மேல் பணம் கொடுக்க வேண்டாம்.

தரம் தவறுவது பெரும்பாலும் ஃபைலில். கடைத்தெருவில் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த பாடல்களும், வாட்ஸ்அப்பில் கைமாறி வந்தவையும் அநேகமாக நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3. சிடியில் இருந்ததில் பதினொன்றில் ஒரு பங்கு. மனிதக் காது கவனிக்காது என்று கணக்கிட்டு மீதியை எடுத்துவிடுகிறார்கள். கணக்கு பல இடங்களில் சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் திடீரென்று விழும் அடிகளில் அது தடுமாறும். மிருதங்கம், கடம், கஞ்சிரா அடி விழுவதற்கு ஒரு கண்ணிமைப்புக்கு முன்பே ஒரு புகைச்சல் கிளம்பி, அடியின் முனை மழுங்கும். தனி ஆவர்த்தனத்தை அப்படிப்பட்ட ஃபைலில் கேட்டவர்களுக்கு மிருதங்கம் ஏன் அட்டைப் பெட்டி மாதிரி இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இதுதான்.

இன்னொரு மோசடியும் நடக்கிறது. 128இல் வந்ததை அப்படியே 320 ஆக மாற்றி, ‘உயர்தரம்’ என்று பெயரிட்டுத் தருகிறார்கள். உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: இழை குறைத்து நெய்த சேலையை எவ்வளவு பெரிய அட்டைப் பெட்டியில் மடித்து வைத்தாலும் இழை கூடாது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதைப் போலவே இதற்கும் ஒரு சோதனை உண்டு. ‘ஸ்பெக்’ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் ஒலியின் படம் விரியும். 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரியால் வெட்டினது போல் மேலே எல்லாம் கறுப்பாக இருந்தால், அது 128இல் பிறந்தது. 1940, 50களின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றில் மேல் சுரங்கள் ஆரம்பத்திலேயே பதியவில்லை.

நல்ல ஃபைலுக்கு நேர்மையான வழி சிடி. உறவினர் வீட்டு ஷோகேஸில் பூசி மெழுகினது போல் தூசி படிந்து கிடக்கும் சிடிகளைக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லாவிட்டால் யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் கிடைக்கிறது. விண்டோஸில் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற இலவச மென்பொருள், கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, உலகில் வேறு யாராவது அதே சிடியைப் படித்திருந்தால் அந்த முடிவோடு ஒப்பிட்டு, பிட் பிசகவில்லை என்று உறுதி சொல்லும். சேமிக்க வேண்டிய வடிவம் ஃபிளாக். 2001 முதல் யாருக்கும் காசில்லாமல் கிடைக்கும் இந்த முறை, எதையும் எறியாமல் இடத்தை மட்டும் பாதிக்குப் பக்கமாகக் குறைக்கிறது. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் சுமார் 600 சிடிகள் அடங்கும். ஒரு வீட்டின் ஆயுட்காலத்துக்குப் போதும். இணையச் சந்தாவில் கேட்பவர்களுக்கு, ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் கூடுதல் கட்டணமின்றி எதையும் இழக்காத வடிவத்தில் தருகிறது.

எஸ்எஸ்டி என்றதும் ஒரு சொல். பழைய லேப்டாப்புக்குச் செய்ய வேண்டிய ஒரே பெரிய மாற்றம் அதுதான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, எஸ்எஸ்டி மாட்டினால் வேகம் கூடும், கிர்ர் என்ற ஓசையும் போய்விடும். முடிந்தால் ரேமை 4 ஜிபி ஆக்குங்கள். பேட்டரி செத்திருந்தால் கழற்றிவிட்டு சார்ஜரில் ஓட்டலாம். உப்பியிருந்தால் கண்டிப்பாகக் கழற்ற வேண்டும், அது ஆபத்து. திரை போயிருந்தாலும் டிவியோடு இணைத்து ஒருமுறை அமைத்துவிட்டு, பிறகு ஃபோனிலிருந்தே பாட்டு மாற்றலாம்.

இதைச் செய்வதற்கு முன் மூடியைத் திறந்து ஃபேனைப் பாருங்கள். தறிவீட்டு லேப்டாப்பின் முதல் எதிரி பஞ்சுத் தூசி. வெப்பம் வெளியேறும் செம்புத் தகட்டின் இடுக்குகளில் அது கம்பளம் மாதிரி படிந்து காற்றை அடைக்கும். பெட்டி சூடாகும், ஃபேன் அலறும், அமைதியான ஆலாபனைக்கு நடுவே அந்த அலறல் கேட்கும். மென்மையான பெயின்ட் பிரஷ் போதும். மாதம் ஒருமுறை செய்வது நல்லது. ஸ்பீக்கரின் முன் துணிக்கும் இதே கவனம் வேண்டும்.

அடுத்தது மென்பொருள். முதல் ஆண்டுகளில் தந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அநேகர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. இப்போது லினக்ஸுக்குத் திரும்ப நல்ல காரணம் இருக்கிறது: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, 11ஐ இந்தப் பழைய இயந்திரங்கள் ஏற்காது. லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இவற்றில் ஓடும், காசு கிடையாது, பாட்டுக்கு நடுவே அப்டேட் என்று குறுக்கே வராது.

எந்த இயங்குதளமானாலும் நோக்கம் ஒன்றே. ஃபைலில் உள்ள எண்கள் வழியில் யாரும் கைவைக்காமல் போய்ச் சேர வேண்டும். விண்டோஸ், எல்லா மென்பொருள்களின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, தானே வைத்துள்ள ஓர் அளவுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். ஃபுபார்2000 என்ற இலவச பிளேயரில் ‘வாசாபி எக்ஸ்க்ளூசிவ்’ தேர்ந்தெடுத்தால் அந்தக் கலவையைத் தாண்டிப் போகலாம். லினக்ஸில் டெட்பீஃப், ஸ்ட்ராபெர்ரி போன்ற பிளேயர்களில் வெளியீட்டை நேரடியாக ‘அல்சா’வுக்குத் திருப்பலாம். லேப்டாப்போடு வரும் ‘சவுண்ட் என்ஹான்ஸ்மென்ட்’, ‘பாஸ் பூஸ்ட்’, ‘சரவுண்ட்’ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பாடகரும் ஒலிப்பதிவாளரும் முடிவு செய்துவிட்ட விஷயத்தில் சிப் கம்பெனிக்கு என்ன வேலை? ஒலிப்பொறியாளர் ஹெச். ஸ்ரீதர் மகாநதி, தில் சே (தமிழில் உயிரே), லகான், கன்னத்தில் முத்தமிட்டால் படங்களின் ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியவர், 2008இல் மறைந்தார். அவர் நாட்கணக்கில் உட்கார்ந்து அளந்து வைத்த சமன்பாட்டை ஒரு பொத்தான் நொடியில் கலைத்துவிடுகிறது.

எண்களை மின்னலைகளாக மாற்றும் பகுதிக்கு டாக் என்று பெயர். லேப்டாப்பின் உள்ளே இருப்பது மற்ற சில்லுகளின் இரைச்சலுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மவுஸை அசைத்தால் ஹெட்ஃபோனில் கீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். வெளியே யூஎஸ்பியில் செருகும் டாக் வாங்குங்கள். ஃபோனுக்கென்று ஆப்பிள் விற்கும் விரல் நீள யூஎஸ்பி-சி ஹெட்ஃபோன் அடாப்டர், ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் முழுமையான டாக். கருவி வைத்து அளந்தவர்கள் பல மடங்கு விலையுள்ளவற்றுக்கு நிகராக அதை மதிப்பிட்டிருக்கிறார்கள். பழைய லேப்டாப்பில் செருக ஒரு மாற்றி தேவைப்படும். இதற்கு மேல் டாக்கில் பத்தாயிரம், இருபதாயிரம் கொட்டுவது வீண். தங்கமுலாம் பூசிய கேபிளும் அப்படியே.

கரகரப்பும் ‘ம்ம்ம்’ என்ற ஹம்மும் உங்கள் ஊரில் அதிகம் வரக்கூடிய தொல்லைகள். தறி மோட்டார்கள் ஓடும் வரிசையில் இது இயல்பு. தறிக்கென்று உள்ள மின்இணைப்பிலிருந்து வயர் இழுத்து ஆம்ப்ளிஃபையர் ஓட்டாதீர்கள். வீட்டு இணைப்பிலிருந்தே எடுங்கள். லேப்டாப், ஆம்ப்ளிஃபையர் இரண்டையும் ஒரே பிளக் பெட்டியில் செருகுங்கள். சார்ஜரைக் கழற்றினால் ஹம் நிற்கிறதா பாருங்கள். நின்றால் குற்றவாளி எர்த். வீடு கட்டியபோது உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழி பல வீடுகளில் காய்ந்தே கிடக்கிறது. தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரிசெய்ய வேண்டும். இசைக்காகச் செய்தாலும் இது உயிருக்கும் காவல்.

ஆம்ப்ளிஃபையரில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. சென்னை ரிச்சி தெருவில் போர்டும் டிரான்ஸ்பார்மரும் வாங்கிவந்து வீட்டிலேயே கோத்து எடுக்கும் கைத்திறன் நம் சிற்றூர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. டிடிஏ7294, எல்எம்3886 போன்ற ஐசிகளை ஒழுங்காக, போதிய ஹீட்சிங்க் வைத்துக் கட்டினால் கிடைக்கும் ஒலி, கடைகளில் பளபளக்கும் பல பெட்டிகளை வெல்லும். உள்ளூர் மெக்கானிக்கிடம் ஒரு விஷயம் மட்டும் வற்புறுத்துங்கள்: 5.1 வேண்டாம், சுத்தமான ஸ்டீரியோ போதும். இரண்டு சேனல் பாட்டை ஆறாகப் பிரிக்கும் போர்டுகள் குரலை ஒரு மூலைக்கும் வயலினை இன்னொரு மூலைக்கும் துரத்துகின்றன. புளூடூத் போர்டு வசதிதான். ஆனால் அது ஒலியை மறுபடி சுருக்கும். வயரே நல்லது.

பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்கு ஒதுக்கலாம். புதிது முடியாவிட்டால் பழைய சோனோடைன் ஜோடி ஒன்றைத் தேடிப் பாருங்கள். கொல்கத்தாவில் 1970 முதல் இயங்கும் நிறுவனம், அதன் பழைய ஸ்பீக்கர்கள் இன்றும் கைமாறுகின்றன. அவற்றைத் தறிக்கூடத்தை ஒட்டிய சுவர் ஷெல்ஃபில் வைக்கக் கூடாது, அதிர்வு ஏறும். தனி ஸ்டாண்டில், அடியில் ரப்பர் கொடுத்து, பின்சுவரிலிருந்து ஒன்றரை இரண்டு அடி தள்ளி, பெட்டியில் உள்ள சின்ன ஸ்பீக்கர் (ட்வீட்டர்) உட்கார்ந்தவரின் காது மட்டத்தில் இருக்கும்படி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சம பக்க முக்கோணமாக அமைய வேண்டும்.

சரியாக வைத்தீர்களா என்று பார்க்க எம்.எஸ். விஸ்வநாதன், கே.வி. மகாதேவன் காலத்துப் பாட்டு ஒன்றைப் போடுங்கள். தமிழில் ஸ்டீரியோவில் பதிந்த முதல் படப் பாடல்கள் என்று இளையராஜாவின் ‘ப்ரியா’வைத்தான் (1978) சொல்வார்கள். அதற்கு முந்தியவை மோனோ. மோனோ பாட்டில் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவே, வெறும் காற்றில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரம் பிசகியிருக்கிறது. குரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் பரந்து கிடந்தால் ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு வயர் மாறியிருக்கிறது.

அறை விஷயத்தில்தான் நெசவூர்க்காரர்களுக்கு ஒரு வசதி காத்திருக்கிறது. கான்கிரீட் கூரை, சிமென்ட் தரை, பூசிய சுவர் உள்ள அறையில் ஒலி சுவருக்குச் சுவர் மோதிக் கலங்கும். பத்துக்குப் பத்து அடி அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் நீளம், அகலம் இரண்டும் ஒரே சுரத்தைத் தூக்கிவிடும்; அந்தச் சுரம் வரும்போதெல்லாம் பாஸ் கிடார் ‘பூம்’ என்று வீங்கும். சதுர அறையைத் தவிர்த்து நீளமான அறையைத் தேர்ந்தெடுங்கள். சுவரில் சேலையைத் தொங்கவிட்டால் மேல் சுரங்கள் மட்டும் அடங்கும், கீழ் சுரங்களுக்கு அது தெரியவே தெரியாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம். அதை உறிஞ்சக் கனம் வேண்டும். நகரத்தில் இதற்கென்றே செய்த பலகைகளை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். உங்கள் தறிக்கூடத்தில் அதே பொருள் நூல் கழிவாகவும் பஞ்சுக் கழிவாகவும் மூட்டையில் கிடக்கிறது. நான்கு அடிக்கு இரண்டு அடி மரச்சட்டம், நான்கு அங்குல ஆழம், உள்ளே நெருக்கமாகக் கழிவு நூல், மேலே வாயால் ஊதினால் காற்று புகும் துணி. அவ்வளவுதான் பலகை.

எங்கே மாட்டுவது? ஒருவர் கேட்கும் இடத்தில் உட்காரட்டும், மற்றவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் பலகைக்கு உரிய இடம். மூலைகளில் பெரிய மூட்டையாகவே நிறுத்திவைக்கலாம். பஞ்சு தீப்பற்றும் பொருள் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுவிட்ச்போர்டு, விளக்கு, சாமி மாடம் மூன்றிலிருந்தும் எட்டவே வையுங்கள். அதற்குப் பிறகும் வீக்கம் இருந்தால் ‘ரூம் ஈக்யூ விசார்டு’ என்ற இலவச மென்பொருளால் அளந்து குறைக்கலாம். ஆனால் பஞ்சு முதலில், மென்பொருள் பிறகு.

இவ்வளவு சிரமமும் எதற்காக என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு தம்புராவைப் போட்டுக் காட்டுங்கள். அதன் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு நூலிழை செருகியிருக்கும், ஜீவா என்பார்கள். அந்த இழையை மயிரிழை நகர்த்தினால் ஓசை செத்துப்போகும், சரியான இடத்தில் நின்றால் ஒரே தந்தியிலிருந்து சுரங்கள் அடுக்கடுக்காகப் பூக்கும். தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில துணைச் சுரங்கள் எழவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. தம்புராவிலும் வீணையிலும் அவையும் எழுகின்றன என்று 1921இல் எழுதினார் சி.வி. ராமன். அதற்கு முந்தைய ஆண்டு சிவகாளி குமாரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில், நம் தோல் கருவிகளின் கரும்பொட்டு அவற்றின் துணைச் சுரங்களை ஒழுங்குபடுத்துகிறது என்று காட்டியிருந்தார். மற்ற நாட்டு முரசுகள் பல தரும் வெறும் இரைச்சலுக்கும் மிருதங்கம் சுருதி சேர்ந்து பேசுவதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கறுப்பு வட்டத்தில் இருக்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் இதில் பெரும்பகுதி வராது. ஒழுங்காக அமைத்த அறையில், நூல் நெய்யும் குடும்பத்தின் பிள்ளைகள், ஒரு நூலிழை செய்யும் வேலையைத் தம் காதாலேயே கேட்கலாம்.

திருத்தணிக்கும் இசைக்கும் உள்ள உறவும் சிறியதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கிருதி, மாயாமாளவகௌளை ராகத்து ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’, அந்த மலையில்தான் பிறந்தது என்பது மரபு. பக்கத்துக் காஞ்சிபுரத்து டி.கே. பட்டம்மாள், தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடமே அந்த உருப்படிகளைக் கற்றவர். அவருடைய பழைய பதிவுகளில் பின்னால் ‘உஸ்’ என்று ஓசை வரும். அதை மென்பொருளால் துடைத்தெடுக்காதீர்கள். ஓசையோடு கமகத்தின் உயிரும் போய்விடும். சினிமா இசைக்காரர்களுக்கு, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986). வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஓரிடத்திலும், மற்ற தந்திக் கூட்டம் அதற்குப் பின்னே அகலமாகவும் நின்றால் உங்கள் அமைப்பு தேறிவிட்டது. 1960 ஏப்ரல் வரை ஆந்திராவோடு இருந்த வட்டாரம் என்பதால் கண்டசாலாவும் பல வீடுகளில் இருப்பார். அவருடைய மோனோ பதிவுகள் நடுவில் குரலை நிறுத்தும் சோதனைக்கு மிகப் பொருத்தம்.

சேமிக்கும்போதே ஃபைலுக்குள் விவரங்களைத் தமிழில் எழுதுங்கள். ‘எம்பி3டேக்’ போன்ற மென்பொருள் ஃபிளாக்கிலும் எழுதும். இறக்கிய ஃபைல்களில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் இருக்கிறது; பாடலாசிரியரைக் காணோம், மிருதங்கம் வாசித்தவரைக் காணோம். சினிமாப் பாட்டுக்கு இசையமைப்பாளர், கவிஞர், பாடியவர்கள், ஆண்டு. கச்சேரிக்கு ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம். சலிப்பூட்டும் வேலைதான். செய்தால் ‘தோடி’ என்று தேடினால் வீட்டில் உள்ள தோடிகள் எல்லாம் வரிசையாக நிற்கும்.

கடைசியாக, அவசரமான ஒன்று. உங்கள் ஊர் பஜனைக் குழுக்கள் பாடியவை, திருத்தணி டிசம்பர் 31 படித் திருவிழாவுக்குப் போனபோது பிடித்த திருப்புகழ், தாத்தாவின் குரல், கல்யாண நாதஸ்வரம்: இவை கேசட்டுகளில் கிடக்கின்றன. சூலமங்கலம் சகோதரிகளையும் சீர்காழி கோவிந்தராஜனையும் எங்கும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் பதிந்ததற்கு உலகில் வேறு பிரதி இல்லை. நாடா ஒவ்வோர் ஆண்டும் தேய்கிறது, டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவர்களும் குறைந்து வருகிறார்கள்.

ஓடும் நிலையில் ஒரு நல்ல கேசட் டெக் ஊரில் யாரிடமாவது இருக்கும். அதன் தலையைப் பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். தலையின் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். கேசட் ஓடும்போதே அதை மெல்லத் திருப்பி, ஜால்ரா ஓசை மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இந்த இடம் சற்று மாறும். லைன் அவுட்டிலிருந்து, லைன் இன்புட் உள்ள யூஎஸ்பி ஆடியோ கருவி வழியாக, ‘ஆடாசிட்டி’யில் 24 பிட்டில் பதியுங்கள். சத்தத்தின் உச்சி எல்லையைத் தொடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். இங்கேதான் 24 பிட் உதவுகிறது. பதிந்த மூலத்தை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, வெட்டுவதையும் ஒட்டுவதையும் இன்னொரு பிரதியில் செய்யுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது சோளிங்கரிலோ திருத்தணியிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில்.

தெருவுக்கு ஒரு லேப்டாப்பும் ஊருக்கு ஒரு கேசட் டெக்கும் இருந்தால் இந்த வேலை நடந்துவிடும். பாலிடெக்னிக்கோ கல்லூரியோ படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் முன்வந்தால், தறி நிற்கும் நாட்களில் வீடு வீடாகக் கேசட்டுகளை வாங்கிப் பதிந்து திருப்பித் தரலாம். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பாடுபவர் யார், எந்த ஆண்டு, யார் வீட்டு விசேஷம் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதை ஃபைலில் எழுதட்டும். பாடியவர்களில் பலர் இன்று இல்லை, அவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கும் வயதாகிறது. வரும் ஆடிக் கிருத்திகைக்குள் தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே பாட்டை நேசிக்கும் ஒருவர்